தளமில்லாத வண்டி
14. அம்மா ஏறினாள்

பொய் சொல்ல ஒரு தேர்ச்சி வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் அது கிடையாது. இருந்தும் மூன்று பேர் ஆளுக்கொரு கை கொடுத்து, ஒரு பெரிய பொய்யைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். அதுவும் அப்பாவிடம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், வாரக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். அம்மா அங்கேயே மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவருக்குத் தெரியக் கூடாது, என் மேல் சத்தியம் என்றாள். பிறகு மகனுடைய கையையும் அப்படியே பிடித்து வைத்தாள். காலில் வீக்கம்தான், மருந்துக்குக் கேட்கும் என்று அப்பாவிடம் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

அவரும் நம்பினார். அதுதான் மகளுக்குத் தாங்கவில்லை.

மகளுக்கு வீட்டில் பெயர் நத்தை. வைத்தது அப்பாதான். பெயர்ப்பலகை எழுதுவது அவளுடைய தொழில். ஒரே ஒரு எழுத்தின் கொம்பை இழுக்க அரை நாள் எடுத்துக்கொள்வாள். கடை திறந்து வியாபாரமும் சூடுபிடித்த பிறகு பலகை போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. ஆனால் அவள் எழுதிய பலகையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

தம்பிக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். பிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிறவன். என்ன கோளாறு என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் மூடியைக் கழற்றியிருப்பான். திரும்ப மாட்டும்போது இரண்டு மூன்று திருகாணி மிச்சம் இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டுவிட்டான் என்பான்.

இவர்களைப் பெற்றவர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வாழ்நாள் முழுக்கத் தளம் போட்டவர். பட்டறையில் அவரைத் தளக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பஸ் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நடப்பார். குதிகாலால் தட்டிக்கொண்டே போவார். எங்கே ஒரு திருகாணி இறங்கவில்லையோ அங்கே நின்றுவிடுவார். அவர் காதுக்குத் தப்பிய பலகை கிடையாது.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் காருக்குத் தளம் இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

பழைய இரும்புக்கடைக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்த வண்டி அது. தலைக்கு மேல் கூரை இல்லாமல், பக்கவாட்டில் ஒரு டயரைச் செருகிக்கொண்டு, விளக்குகளை விழித்துக்கொண்டு நிற்கும் அந்தக் காலத்து வண்டி. வீட்டை ஒட்டின கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தி, கிடைத்த நேரமெல்லாம் அதோடு கிடந்தார். இஞ்சின் ஓடியது. பெயின்ட் அடித்தாயிற்று. சீட்டுக்குப் புதுத் தோல் போட்டாயிற்று. தளம் மட்டும் அப்படியே நின்றது. அதோடு வந்த பலகைகள் இற்றுப்போய், தூக்கினால் கையோடு உதிர்ந்தன. அவற்றைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்துகொண்டு தூக்கிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு, தளம்தானே, நம் கைவேலைதானே, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் கொட்டகையின் மண் தரை தெரியும்.

அம்மாவுக்கு அந்த வண்டி இளையவள். சாப்பாட்டு நேரம் தாண்டினால், "உங்க இளையவகிட்டயே சோறு கேளுங்க" என்பாள். ஒரு தடவை ஏறித்தான் பாரேன் என்று அவர் கூப்பிட்டால், கால் வைக்க இடமில்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்பாள். இத்தனை வருஷத்தில் அவள் அதன் கதவைக்கூடத் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. அந்தத் தளத்தைப் போட்டு, அம்மாவை ஏற்றி, வாசல் தெருவிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் ஒரு சுற்று. அதைக்கூட அவர் ஆசை என்று சொல்லவில்லை. அடுத்த வேலை என்றுதான் சொன்னார்.

அங்கேதான் நத்தை ஒரு தப்புச் செய்தாள். படுத்தே கிடக்கிற மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று, எதில் தளம் போடலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று யோசனை சொன்னாள். யோசனை சொன்ன அன்றைக்கே எக்ஸ்பிரஸ் மூன்று துண்டுகளோடு வந்து நின்றான். ஒன்று அலுமினியத் தகடு. ஒன்று தண்ணீருக்குத் தாங்குகிற பிளைவுட். ஒன்று மரப்பலகை.

இது நடந்தது போன வாரம். கட்டிலைக் கொட்டகை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு, பெண் பார்க்க வந்த மாமனாரைப் போல் மூன்று துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தகட்டைக் கீழே போடச் சொன்னார். எக்ஸ்பிரஸ் போட்டான். கொட்டகையே அதிர்ந்தது.

"இது தட்டு. சோறு போட்டுச் சாப்பிடலாம், கால் வைக்க முடியாது" என்றார். கியர்பாக்ஸின் சூடு நேராக மேலே ஏறும், உங்கம்மா ஏற்கெனவே சூடு, இதில் அதுவும் சேர்ந்தால் வண்டி தாங்காது என்றும் சொன்னார். உள்ளேயிருந்து அம்மா ஏதோ பதில் கொடுத்தாள். அவர் சிரித்தார். சிரித்தபோது விலா வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்தது பிளைவுட். அதைத்தான் எடுப்பார் என்று அக்காவும் தம்பியும் பேசிவைத்திருந்தார்கள். அவர் பஸ்களுக்குப் போட்டதில் பாதி அதுதான். கையில் வாங்கி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அடுக்கடுக்காக ஒட்டியிருந்ததை எண்ணுவதுபோல் பார்த்தார். விரலை மடக்கித் தட்டிக் கேட்டார்.

"நல்ல சாமான். வளையாது, வெடிக்காது. காலையில வெட்டினா சாயங்காலம் வண்டி ஓடும். அவசரத்துக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல."

எக்ஸ்பிரஸ் அளவு நாடாவை எடுத்தேவிட்டான்.

"ஆனா எனக்கென்ன அவசரம்?" என்று அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார் அப்பா.

மரத்துண்டை எடுத்து மோந்து பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். இன்னும் ஈரம் இருக்கிறது என்றார். இதே மரத்தைப் பலகை பலகையாக இழைத்து, காற்றாட அடுக்கி, மழைக்காலம் முடிகிற வரைக்கும் தொடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு மூன்று கை எண்ணெய்ப் பூச்சு. மேலே, அடியில், முக்கியமாக வெட்டின ஓரத்தில். ஒவ்வொரு கைக்கும் ஒரு வாரம் காய விட வேண்டும். அதற்குப் பிறகுதான் பித்தளைத் திருகாணி. அப்படிப் போட்ட தளம் பேரன் பேத்தி காலத்துக்கும் அசையாது என்று சொல்லிக்கொண்டே போனார். பேசப் பேச முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பட்டறையில் நின்று ஆட்களுக்கு வேலை சொல்கிற முகம் அது.

"ஏய், கேட்டியா? மழை முடிஞ்சதும் நீ வண்டியில ஏறலாம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் உருளவில்லை, தண்ணீர் மட்டும் வெகுநேரம் ஓடியது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நத்தைக்கு அன்றைக்கு அந்த யானை ஞாபகம்தான் வந்தது. அவ்வளவு நேரமில்லை அப்பா என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். சரி என்று தலையாட்டினால் ஒரு மனிதரின் கடைசி ஆசையைத் தெரிந்தே கொல்வதாகும். அவள் இரண்டையும் செய்யாமல், மரக்கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

மரக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். அந்தக் கனத்தில் காய்ந்த மரம் கைவசம் இல்லை என்றார். ஈர மரம் வேண்டுமானால் இப்போதே அறுத்துத் தருவதாகவும், காய வைப்பது உங்கள் பாடு என்றும் சொல்லிவிட்டு வேறொருவரிடம் பேசப் போனார். அறுத்து அடுக்கியிருந்த பலகைகளுக்கு நடுவில் அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

"ஈரமாவே போட்டுடலாம்க்கா. காஞ்சு சுருங்கி இடைவெளி விடறதுக்குள்ள..." என்று ஆரம்பித்த எக்ஸ்பிரஸ் வாயை மூடிக்கொண்டான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் அப்படிப் பாதியில் நின்று யாரும் பார்த்ததில்லை.

ஈர மரத்தை மோந்தே கண்டுபிடிப்பார் என்று மட்டும் நத்தை சொன்னாள். அப்போதுதான் அவனுக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை தோன்றியது. பிளைவுட்டையே போடுவோம், அதன் மேல் நீ மரம் வரைந்துவிடு. துணிக்கடைக் கதவுக்குச் செய்தாயே, கடைக்காரரே தேக்கு என்று நம்பினாரே என்றான். நத்தை முடியாது என்றாள். அப்பாவிடம் ஏற்கெனவே சொன்ன பொய் போதாதா, அதற்குத் தளம் வேறு போட வேண்டுமா என்று கேட்டுவிட்டு நடந்தாள். இரண்டு நாள் தம்பியோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அப்பா கட்டிலிலிருந்து தானாக எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. கால் மரத்துப்போயிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று அவரே சமாதானம் சொன்னார். நத்தை வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டு, பலகையை வெட்டிக் கொண்டு வா என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. ஓரத்தில் அடுக்கு தெரியாமல் மரத்தூளும் பசையும் குழைத்து வைத்து அடைத்தாள். பலகைக்குப் பலகை சேர்கிற இடம்போல் கத்தியால் நீளக் கோடு இழுத்தாள். வெளிர் நிறம் பூசி, அது காய்ந்ததும் மேலே பழுப்பைத் தடவி, ஈரத்தோடு சீப்பை இழுத்து ரேகை எடுத்தாள். துணியை விரலில் சுற்றி அழுத்தி, முன்பக்கப் பலகையில் கிளை முளைத்த இடத்துச் சுழிபோல் மரத்தின் கண் ஒன்றை வைத்தாள். அப்பா அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால் அடியிலும் வரைந்தாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே அது மரமாகத்தான் தெரிந்தது. தன் கையை அவள் அன்றைக்கு வெறுத்தாள்.

பழைய கிடங்கு ஒன்றைப் பிரித்த மரம் கிடைத்தது, வருஷக்கணக்காகக் காய்ந்தது, முன்பே எண்ணெய் குடித்தது என்று அப்பாவிடம் சொன்னார்கள். "அதிர்ஷ்டம்தான்" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்குத்தான் தளம் போடுகிற நாள்.

காலையிலேயே எக்ஸ்பிரஸ் வந்துவிட்டான். பலகைகளை ஒவ்வொன்றாக வண்டியில் இறக்கினான். கியர் கம்பிக்கு விட்ட ஓட்டை சரியாக உட்கார்ந்தது. கிளட்ச், பிரேக் மிதிகளுக்கு விட்ட பிளவும் இடிக்கவில்லை. வழக்கத்துக்கு விரோதமாக ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. அப்பா நேற்றிலிருந்து கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டிருந்தார். ஆனாலும் கண் மட்டும் மகனுடைய கையையே சுற்றிக்கொண்டிருந்தது.

முன்பக்கப் பலகையை முடுக்குவதற்கு முன் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். எக்ஸ்பிரஸ் அக்காவைப் பார்த்தான். கொடுத்தான்.

அவர் அதை மடியில் வைத்துத் தடவினார். சிரமப்பட்டுத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

"நல்ல மரம். கண்ணு ஒண்ணு அழகா விழுந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நத்தை கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பொய் நின்றுவிட்டது, போதும், இனிமேல் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அழுகை வந்தது.

கடைசித் திருகாணி இறங்கியதும் அப்பா அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

அம்மா வர நேரமாயிற்று. வந்தபோது புடவை மாற்றியிருந்தாள். தலையை அழுந்த வாரியிருந்தாள். கையில் காப்பி பிளாஸ்க். "இளையவ வீட்டுக்கு முதல் தடவை போறேன், வெறுங்கையோடவா போறது?" என்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

எக்ஸ்பிரஸ் கதவைத் திறந்து பிடித்தான். அம்மா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். நம்பிக்கையில்லாதவள்போல் அழுத்திப் பார்த்தாள். அடுத்த காலையும் வைத்து ஏறி நின்றாள். ஏறின பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, நின்ற இடத்திலேயே ஒரு மிதி மிதித்தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு நிமிஷம் சின்னப் பெண்போல் ஆகிவிட்டாள்.

"பாருங்க, கால் வைக்க இடம் இருக்கு. இனிமே சாக்குச் சொல்ல முடியாது. கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பட்டறையில் மூடுவதுபோலத்தான் மூடியிருந்தார். நத்தை அதைக் கவனிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இன்னொரு தடவை மிதி" என்றார்.

அம்மா மிதித்தாள்.

"கொஞ்சம் தள்ளி. இப்போ ஓரமா."

அம்மா தள்ளி மிதித்தாள். ஓரமாக மிதித்தாள். என்ன, பரதம் ஆடச் சொல்வீர்கள்போல இருக்கிறதே என்று கேலி செய்துகொண்டே சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"பலகை பலகையா போட்டா ஒவ்வொண்ணும் ஒரு சத்தம் குடுக்கும். இது எங்க மிதிச்சாலும் ஒரே சத்தம்" என்றார். "பிளைவுட்."

"நான்தான்பா. எனக்குத்தான் பொறுமை இல்ல. அக்கா வேண்டாம்னுதான் சொன்னா" என்று எக்ஸ்பிரஸ் முந்திக்கொண்டான்.

அப்பா கண்ணைத் திறந்தார். கோபமே இல்லை. கோபமாவது பட்டிருக்கலாமே என்று இருந்தது நத்தைக்கு.

"உனக்குப் பொறுமை இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீ தனியா செஞ்சிருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டு விட்டிருப்பேன்" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "அந்தக் கண்ணை வரைஞ்சது நீ. நீ ஏம்மா அவசரப்பட்ட?"

நத்தை சின்ன வயதில் செருப்பு வார் மாட்டவே அரைமணி எடுத்துக்கொள்வாள், அவர் வாசலில் பொறுமையாக நிற்பார். அவளை இந்த உலகத்தில் யாரும் அவசரப்படுத்த முடியாது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அம்மா வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இரண்டு காலையும் தளத்திலிருந்து தூக்கிவிட்டிருந்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அவை அந்தரத்தில் நின்றன. பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை முடியற வரைக்கும் இருப்பேனா?" என்று அப்பா கேட்டார். கேட்டது அவளிடம்தான்.

நத்தை அம்மாவின் தலையைப் பார்த்தாள். அழுந்த வாரிய அந்தத் தலைமேல்தான் கை வைத்திருந்தாள். அம்மா திரும்பவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். மகள் எதற்கும் நேரம் எடுப்பவள் என்று பழகியவர். பிறகு, பட்டறையில் ஒரு அளவு ஒத்துவராவிட்டால் அடுத்த அளவைச் சொல்வாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"சரி, மரம் காய வேண்டாம். எண்ணெய் மட்டும் காயற வரைக்கும்?"

மூன்று கை எண்ணெய், மூன்று வாரம். நத்தையால் அதற்கும் தலையாட்ட முடியவில்லை.